பயங்கரவாதச் சட்டங்களின் யோக்கியதை

பயங்கரவாதத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. சந்தைக்குப் போனவனையும், ரயிலுக்குக் காத்திருந்தவளையும் இன்னார் என்றுகூடத் தெரியாமல் குண்டு வைத்துக் கொல்லுகின்றவர்கள், எந்தக் கொள்கையின் பேரைச் சொல்லிக் கொன்றாலும் அவர்கள் மனித சமூகத்துக்கு விரோதிகளேயாவார்கள். இதில் நமக்கும் சர்க்காருக்கும் தகராறு ஒன்றுமில்லை. தகராறெல்லாம், அதை ஒழிப்பதற்கென்று இந்திய சர்க்கார் சுமார் 40 வருஷ காலமாய்க் கையாண்டு வரும் முறையைப் பற்றியதேயாகும்.

அம்முறைதான் என்ன? ஒரு பெரிய கொலையோ, குண்டு வெடிப்போ நடந்து ஜனங்கள் பயந்து போயிருக்கும் சமயம் பார்த்து ஒரு புதுச் சட்டம் செய்வது. அதில் போலீசாருக்கு முன்னில்லாத அதிகாரத்தைக் கொடுப்பது. பிடிபட்டவனுக்கு ஜாமீன் கிடைக்காமல் செய்வது. இவ்வளவுதான். 1985ல் தடா வந்தது, 1995ல் காலாவதியாயிற்று. 2001ல் பொடா அவசரச் சட்டமாய் வந்து, 2002ல் பார்லிமெண்டின் இரண்டு சபைகளையும் ஒன்றாய்க் கூட்டி நிறைவேற்றப்பட்டு, 2004ல் ரத்தாயிற்று. ரத்தான அதே வருஷத்தில் அதன் ஷரத்துகள் பல, ஊபா என்று சொல்லப்படும் 1967ம் வருஷத்திய சட்ட விரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் நுழைக்கப்பட்டன. 2008லும் 2019லும் அது மேலும் இறுக்கப்பட்டு இன்றும் அமுலில் இருந்து வருகின்றது. காங்கிரஸ் ஆண்டாலும், பாரதிய ஜனதா ஆண்டாலும் இந்த விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளாகவே இருந்து வந்திருக்கின்றார்கள்.

சரி, இச்சட்டங்களால் பயங்கரவாதம் தடுக்கப்பட்டதா என்று பார்ப்போம். தடா அமுலில் இருந்தபோதுதான் 1991 மே 21ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தியும் அவர் பக்கத்தில் நின்ற பலரும் கொல்லப்பட்டார்கள். தடா அமுலில் இருந்தபோதுதான் 1993 மார்ச் 12ந் தேதி பம்பாயில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 257 பேர் மாண்டார்கள். 2001 அக்டோபரில் பொடா அவசரச் சட்டம் பிறந்தது. டிசம்பர் 13ந் தேதி துப்பாக்கியுடன் பார்லிமெண்டு வாசலுக்கே வந்து விட்டார்கள். ஊபாவை இறுக்கின பிறகுதான் 2019ல் புல்வாமாவில் 40 ரிசர்வ் போலீசாரும், 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரும் கொல்லப்பட்டார்கள். உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு சாகத் துணிந்து வருகிறவன், தனக்கு ஜாமீன் கிடைக்குமா கிடைக்காதா என்று வக்கீலைக் கலந்து கொண்டா வருகின்றான்?

ஊரில் பேதி கண்டால் பூசாரி ஆடு வெட்டச் சொல்லுகின்றான். வெட்டியும் பேதி நிற்காவிட்டால், "ஆடு போதாது, எருமை வெட்டு" என்கின்றானேயொழிய, குடிக்கிற தண்ணீரைப் பார்க்கலாம் என்று சொல்லுவதில்லை. நமது சர்க்காரின் போக்கும் அப்படியே இருக்கின்றது. ஒரு சட்டத்தால் ஆகாத காரியத்துக்கு அதைவிடக் கொடிய சட்டம் ஒன்றைக் கொண்டு வருகின்றார்களே தவிர, ஏன் ஆகவில்லை என்று ஆராய்வதில்லை.

குண்டு வைப்பவனைத் தடுக்க முடியாத இச்சட்டங்கள் யாரைப் பிடித்தன? தடாவின்கீழ் பிடித்து அடைக்கப்பட்டவர்கள் 76,000 பேருக்கு மேல். அவர்களில் 100க்கு 2 பேர்கூடக் குற்றவாளி என்று தீர்ப்புப் பெறவில்லை. பஞ்சாபில் கலகம் என்று சொல்லிச் செய்த சட்டம், அப்படிப்பட்ட கலகமே இல்லாத குஜராத்தில் ஆயிரக்கணக்கானவர்கள்மீது பாய்ந்தது. நமது நாட்டு சங்கதியையே எடுத்துக் கொள்ளுவோம். பொடாவைக் கொண்டு வந்த டில்லிக் கூட்டணியில் தோழர் வைகோவின் கட்சியும் சேர்ந்திருந்தது. அவர் 2002ல் திருமங்கலத்தில் ஒரு கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று அதே பொடாவில் பிடிக்கப்பட்டுச் சுமார் 19 மாதம் ஜெயிலில் கிடந்தார். குண்டு வைத்தாரா? இல்லை, வாயால் பேசினார். வெறும் ஆதரவுப் பேச்சு இச்சட்டப்படி குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. எவன்மீதோ பாயும் என்று வளர்த்த நாய், வளர்த்த வீட்டுக்காரனையே கடித்தது என்பதுதான் இதில் கண்டது.

இனி, வாக்குமூலத்தின் சங்கதியைக் கவனிப்போம். போலீசாரிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக் கொண்டதாகச் சொல்லுவதை ருசுவாக எடுத்துக் கொள்ளக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் 1872லேயே சாட்சியச் சட்டத்தில் எழுதி வைத்தது. ஏனென்றால், அடி பொறுக்க மாட்டாதவன் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? அன்னியன் செய்த அந்தக் காப்பைச் சுதந்திர சர்க்கார் தடாவில் எடுத்து விட்டது. போலீஸ் சூப்பிரண்டு எழுதிக் கொண்ட வாக்குமூலமே போதும் என்றாயிற்று.

இதன் பலன் இராஜீவ் கொலை வழக்கில் தெரிந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனிக் கோர்ட்டு எதிரிகள் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மேயில் சுப்ரீம் கோர்ட்டு, இது தடாக் குற்றமே ஆகாது என்று சொல்லி, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் தடாவில் எடுத்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது! குற்றம் அந்தச் சட்டத்தில் இல்லை, ருசு மட்டும் அந்தச் சட்டத்தில் உண்டு என்றால், இதைக் கேட்கும் சாதாரண மனிதன் என்ன நினைப்பான்?

அப்படி மிஞ்சியவர்களில் ஒருவர் பேரறிவாளன். பிடிபட்டபோது வயது 19. வெடிகுண்டுக்கு உதவிய பாட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீது குற்றம். அவரது வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே, வேலையிலிருந்து விலகிய பிறகு 2013ல், "பாட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை நான் எழுதவில்லை" என்ற கருத்தில் வெளியில் சொன்னார். தூக்குத் தண்டனை 2014ல் குறைக்கப்பட்டு, 2022 மே மாதத்தில்தான் அவர் விடுதலையானார். அதற்குள் 31 வருஷம் போய்விட்டது.

அதே வழக்கில் உண்மையான துப்புக் கொடுத்தது எது? குண்டு வெடித்த இடத்தில் மாண்டு கிடந்த போட்டோக்காரரின் காமிரா. அதிலிருந்த படங்கள்தான் மாலையோடு நின்ற பெண்ணையும், சிவராசனையும் காட்டின. அதற்குத் தடா வேண்டியிருக்கவில்லை. கண்ணும், மூளையும், பொறுமையுமே வேண்டியிருந்தன.

"போலீசாரின் கையைக் கட்டிப் போட்டு விட்டால் பயங்கரவாதியைப் பிடிப்பது எப்படி?" என்று சிலர் கேட்கலாம். 2008 நவம்பரில் பம்பாயில் 166 பேர் கொல்லப்பட்டபோது, கையில் லத்தி மட்டும் வைத்திருந்த உதவி சப் இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, தம் உடம்பில் தோட்டாக்களைத் தாங்கிக் கொண்டு கசாப்பை உயிரோடு பிடிக்கச் செய்தார். கடலைக் காவல் காக்கத் தக்க ஏற்பாடில்லை. கமாண்டோ படை டில்லிப் பக்கமிருந்து வந்து சேர மறுநாள் காலையாயிற்று. அங்கே குறைந்தது படகும், ஆயுதமும், ஆளுமேயொழிய சட்டத்தின் ஷரத்து அல்ல. பின்பு அப்படைக்குப் பம்பாயில் ஒரு நிலையம் வைத்தார்கள். அது சரியான காரியம். ஆனால் அதே டிசம்பரில், குற்றப் பத்திரிகை இல்லாமலே ஒருவனை 180 நாள் வரை அடைத்து வைக்கலாம் என்று ஊபாவைத் திருத்தினார்களே, அதனால் எந்தப் படகு தடுக்கப்படும்?

அத்திருத்தப்படி, போலீசார் கொடுக்கும் காகிதங்களைப் பார்த்த மாத்திரத்தில் குற்றச்சாட்டு உண்மையாகத் தோன்றினாலே கோர்ட்டு ஜாமீன் கொடுக்கக் கூடாது. விசாரணை முடியப் பல வருஷமாகும். ஆகவே தண்டனை முன்னும், தீர்ப்புப் பின்னுமாக நடக்கின்றது. திருச்சி ஜில்லாவில் பிறந்து ஜார்க்கண்டு ஆதிவாசிகளுக்காகப் பாடுபட்ட ஸ்டான் சாமிப் பாதிரியார் 2020 அக்டோபரில் 83 வயதில் பிடிக்கப்பட்டார். நடுக்கு வாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாத அவர், உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்குக்கூடக் கோர்ட்டுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5ந் தேதி கைதியாகவே இறந்தார். அவர் குற்றவாளியா அல்லவா என்பதை இனி எந்தக் கோர்ட்டு அவருக்குச் சொல்லும்?

பயங்கரவாதிக்குத் தயவு காட்டச் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். நிரபராதி ஒருவன் ஜெயிலில் இருக்கின்றான் என்றால், குற்றவாளி ஒருவன் வெளியில் இருக்கின்றான் என்பதுதான் அர்த்தம். அன்றியும், காரணமில்லாமல் பல வருஷம் அடைபட்டவனின் தம்பியும், மகனும், தெருக்காரனும் போலீசாருக்குத் துப்புச் சொல்ல முன்வருவார்களா? துப்பில்லாமல் பயங்கரவாதத்தை எப்படிப் பிடிப்பது?

ஆகவே, பயங்கரவாத வழக்குகளுக்கும் சாதாரண சாட்சியச் சட்டமே இருக்க வேண்டும்; குறித்த காலத்துக்குள் விசாரணை முடியாவிட்டால் ஜாமீன் கொடுக்க வேண்டும்; பொய் வழக்கில் வாழ்நாளை இழந்தவனுக்கு நஷ்டஈடும், அதைத் தெரிந்தே ஜோடித்த அதிகாரிக்குத் தண்டனையும் வேண்டும். அடுத்த முறை எந்தக் கட்சி சர்க்காராவது இன்னும் கடுமையான சட்டம் என்று கிளம்பினால், "முன்பு செய்த சட்டங்களால் எந்தக் கொலை தடுக்கப்பட்டது? கணக்கைக் காட்டு" என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். கணக்குக் காட்ட முடியாத சர்க்காருக்கு மேலும் அதிகாரம் கொடுப்பது புத்திசாலித்தனமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.