ரப்பீஸ் எங்கே போகுது?

கூடுவாஞ்சேரியில பாத்ரூம் டைல்ஸ் மாத்துறது சுலபம். பெயர்த்த பழைய டைல்ஸை எங்கே போடுறதுங்கறதுதான் கஷ்டம். கேட்டா மேஸ்திரி, "நான் பார்த்துக்கறேன் சார்"ம்பார். சாயங்காலம் குட்டியானை வந்து அள்ளிட்டுப் போகும். எங்கேன்னு நாமும் கேட்கறதில்லை. காலிமனை, மழைநீர்க் கால்வாய், இல்லைன்னா ஏரிக்கரை, வேறெங்கே?

நந்திவரம் ஏரி நிரம்பினா அந்தத் தண்ணி ஆதனூர் பக்கமா அடையாற்றுக்குப் போகணும். வழியை அடைச்சா நம்ம வீட்டுக்குள்ள வரும். 2015 வெள்ளத்தை மறந்துட்டோமா என்ன?

சட்டம் இல்லாம இல்லை. 2016-ல வந்த மத்திய அரசு விதிகள், ஐந்து லட்சத்துக்குக் கீழே மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கும் மூணு வருஷம் கெடு கொடுத்துச்சு. 2025-ல அறிவிச்ச புது விதிகளோ (அமல் 2026 ஏப்ரல் 1 முதல்) மறுசுழற்சிப் பொறுப்பை 20,000 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் கட்டுறவங்க தலையில வைக்குது. சரிதான். ஆனா பத்து மூட்டை ரப்பீஸ் வச்சிருக்கறவர் என்ன செய்வார்?

சென்னை மாநகராட்சி பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் ஆலை வச்சு, இடிபாட்டை உடைச்சு, சலிச்சு, மணலாவும் ஜல்லியாவும் பிரிக்குது. நமக்கு ஆலை வேண்டாம். நகராட்சி ஒரு சேகரிப்பு இடம் ஒதுக்கி, சேர்ந்ததை லாரியில ஆலைக்கு அனுப்பினா போதும். மூட்டைக்கு இவ்வளவுன்னு கட்டணமும் வாங்கட்டும். ஒரே நிபந்தனை: அந்தக் கட்டணம் குட்டியானை வாடகையைவிடக் கம்மியா இருக்கணும். இல்லைன்னா எத்தனை போர்டு வச்சாலும் ஏரிக்கரைதான் குப்பைமேடு!