கேட்கப்படாத மௌனம்



"எங்கட வீட்டில எல்லாருக்கும் ஒரே மனசுதான் ஹஸரத். மகளிட்டத் தனியாக் கேட்க என்ன இருக்கு?"

மகளின் சம்பந்தம் பற்றி ஆலோசனை கேட்க வந்த ஒரு தாய் சொன்ன வார்த்தை இது. பெருமையோடுதான் சொன்னார். ஆனால், அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரே மனம் என்றதும் நம் நினைவுக்கு வருவது தேனீக் கூட்டம். அல்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கியிருக்கிறது. பல்லாயிரம் உயிர்கள் ஓருயிர்போல் இயங்குகின்றன. அந்த ஒற்றுமை எப்படி உண்டாகிறது தெரியுமா?

கூட்டில் இடம் போதாமற் போனால், பழைய ராணியுடன் ஆயிரக்கணக்கான தேனீக்கள் வெளியேறி மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும். அவற்றுள் சில நூறு மட்டும் புது வீடு தேடிச் செல்லும். ஜேர்மனியரான மார்ட்டின் லிண்டாவர் 1949இல் இதைக் கவனிக்கத் தொடங்கினார். அமெரிக்கரான தோமஸ் சீலி பல்லாண்டுகள் ஆராய்ந்து 2010இல் நூலாக வெளியிட்டார்.

நல்ல மரப்பொந்தைக் கண்டுவந்த தேனீ ஆடிக்காட்டி அந்த இடத்தை அறிவிக்கும். பார்த்த மற்றத் தேனீ உடனே சேர்ந்து ஆடிவிடுவதில்லை. தானே பறந்துபோய், பொந்துக்குள் நுழைந்து பார்த்து, பிடித்திருந்தால்தான் வந்து ஆடும். ராணி கட்டளை எதுவும் இடுவதில்லை. ஓரிடத்தில் இருபது முப்பது தேனீக்கள் ஒரே நேரத்தில் கூடிவிட்டால் அதுவே முடிவாகிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று ஆடியிருந்தால், முதல் தேனீயின் பிழை முழுக் கூட்டத்தின் பிழையாகி, குளிர்காலத்தில் எல்லாமே மடிந்துபோகும்.

சகோதரிகளே! தேனீ தன் இயல்பின்படி நடக்கிறது. மனிதருக்கோ தெரிவு செய்யும் உரிமை தரப்பட்டிருக்கிறது. நாளை மறுமையில் குடும்பமாக அல்ல, தனித்தனியாகவே பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? வாப்பா ஒன்று சொல்வார். நானா தலையாட்டுவார். மாமி "நல்ல இடம்" என்பார். மாப்பிள்ளையைப் பற்றித் தானாகப் போய் விசாரித்தவர் எத்தனை பேர்? குமர்ப்பிள்ளை அறைக்குள் மௌனமாக இருப்பாள். அதையும் சம்மதக் கணக்கில் சேர்த்துவிடுவோம். கேட்டபின் வரும் மௌனம் வேறு. கேட்கப்படாத மௌனம் வேறு.

முன்பு மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, அவர்களுக்கு விருப்பமில்லாத ஓரிடத்தில் தந்தை மணமுடித்து வைத்தார். நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அந்த நிக்காஹ் ரத்துச் செய்யப்பட்டது. தந்தையின் மனம் மகளின் மனமாகிவிடவில்லை.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். பதில் எதுவானாலும் கோபிக்காதீர்கள்."

இரண்டு வாரங்கள் கழித்து வந்தார். மகள் மறுக்கவில்லையாம். கல்வியியற் கல்லூரிப் படிப்பு முடியும்வரை ஒரு வருடத் தவணை கேட்டாளாம். மாப்பிள்ளை வீட்டாரும் ஒத்துக்கொண்டார்களாம்.

"இதை ஏன் முன்னமே சொல்லல்ல?" என்று மகளிடம் கேட்டிருக்கிறார்.

"நீங்க கேட்கல்லயே உம்மா" என்றாளாம்.