முதலில் இடம், பிறகு படம்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று நம் குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலிருந்து வந்தது. எழுதியவர் நர்சிங் படிக்கும் மாணவி. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்து, அந்தக் கூலியில் மகளைப் படிக்க வைக்கிறார். முதல் சம்பளம் வாங்கியதும் அம்மாவின் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்பது மகளின் ஆசை. “கையில் எந்த இடத்தில் குத்தலாம்? பெயர் மட்டும் போதுமா, கூடவே படமும் வேண்டுமா? பிறகு வேலைக்கு ஏதாவது இடைஞ்சல் வருமா?” என்று கேட்டிருக்கிறார்.

இப்போது பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. பிள்ளைகள் ஆசையோடு கேட்பதும், பெரியவர்கள் ஒரே சொல்லில் மறுப்பதும், பிள்ளைகள் சொல்லாமல் போய்க் குத்திக்கொண்டு வருவதுமாகப் போகிறது. மறுப்பதைவிட உட்கார்ந்து பேசுவது மேல். அதனால் அந்தப் பிள்ளைக்கு எழுத நினைத்த பதிலை உங்கள் எல்லோருக்குமாக இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை குத்துவது நேற்று வந்த பழக்கம் இல்லை. எண்பது வயதைத் தாண்டிய பாட்டிகள் எத்தனையோ பேருடைய முன்கையில் புள்ளிக்கோலமோ, தேளோ, பெயரின் ஓர் எழுத்தோ இன்றும் இருக்கிறது. போகும்போது நகையும் வராது, நிலமும் வராது, இது ஒன்றுதான் கூட வரும் என்று சொல்லிக் குத்திக்கொண்ட தலைமுறை அது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட நூலில், ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய குறவர் சமூகப் பெண்களின் கைவேலையைப் பதிவு செய்திருக்கிறார். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த மண்பானையில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டினால் கருவி. நீலகிரியில் தோடர் பெண்கள் கையிலும் தோளிலும் புள்ளி வரிசைகளைக் குத்திக்கொண்டார்கள்.

உலகமும் இப்படித்தான். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதன் ஓட்ஸியின் உடலில் 61 பச்சைக் குறிகள் உள்ளன. இடது மணிக்கட்டைச் சுற்றியும் இரண்டு கோடுகள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உள்பக்கத்தில் சின்னச் சிலுவை குத்திக்கொள்கிறார்கள். நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி 1891-இல் மின்சாரப் பச்சைக் கருவிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு வேலை வேகமானது. தோலுக்குள் மையை இறக்கும் சங்கதி மட்டும் மாறவில்லை.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலானோர் முதலில் படத்தைத் தேடுகிறார்கள். செல்போனில் நூறு படம் பார்த்து ஒன்றைப் பிடித்துவிட்டுப் பிறகு அதைக் கையில் எங்கே வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். இதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. முதலில் இடம், பிறகு படம். ஏனென்றால் இடத்தை முடிவு செய்வது உங்கள் ரசனை மட்டும் அல்ல. நீங்கள் பார்க்கப்போகும் வேலையும், உங்கள் தோலின் குணமும், கை அசையும் விதமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது அது.

வேலையை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்துப் பையன்கள் பலருக்குப் பட்டாளக் கனவு உண்டு. இந்திய ராணுவத்தின் ஆள்சேர்ப்பு விதிப்படி நிரந்தரப் பச்சை முன்கையின் உள்பக்கத்தில், அதாவது முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை இருக்கலாம். புறங்கையிலும் இருக்கலாம். உடம்பில் வேறு எங்கே இருந்தாலும் ஏற்பதில்லை. பழங்குடியினரின் மரபுவழிப் பச்சைக்கு மட்டும் விலக்கு உண்டு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் இன்னும் இறுக்கம்: முன்கை என்றால் இடது முன்கையின் உள்பக்கம்தான். சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் கூடாது. அளவும் அந்த உறுப்பின் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். தோள்பட்டைக்குக் கீழே சிங்கத்தைக் குத்திக்கொண்டு ஓட்டத்திலும் உயரத்திலும் தேறிய பையன், மருத்துவச் சோதனையில் திரும்பி வர நேரிடும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

நர்சிங் போகிறவருக்கு இதற்கு நேர் எதிரான யோசனை சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் முழங்கைக்குக் கீழே நாள் முழுக்கச் சோப்பும் சானிடைசரும்தான். பச்சை வெளியே தெரியக் கூடாது என்று சொல்லும் நிர்வாகங்களும் உண்டு. அரைக்கைச் சட்டைக்குள் மறையும் மேல்கைதான் அங்கே நிம்மதி. ஒரே கை, இரண்டு வேலை, இரண்டு விடை. அதனால்தான் இடத்தை முதலில் யோசிக்கச் சொல்கிறேன்.

அடுத்து, கையின் குணம். மேல்கையின் வெளிப்பக்கம் தசை உள்ள இடம். வலி குறைவு, படமும் நன்றாக உட்காரும். மேல்கையின் உள்பக்கம் வெயில் படாததால் மை நெடுநாள் நிற்கும், ஆனால் வலிக்கும். முழங்கை முட்டிலும் மடிப்பிலும் தோல் ஓயாமல் மடிந்து விரிவதால் மை திட்டுத்திட்டாக வெளுக்கும். மடிப்பில் அடர்கறுப்பாக எதையும் குத்தாமல் இருப்பது நல்லது, நாளை ரத்தம் எடுக்க நரம்பைத் தேடும் இடம் அது. பைக்கில் போகிறவர்களுக்கு முன்கையின் வெளிப்பக்கம் முழுநேரமும் வெயில் தின்னும், மை சீக்கிரம் மங்கும்.

முன்கையில் இன்னொரு சங்கதி. உள்ளங்கையை மேலே காட்டி நீட்டுங்கள், பிறகு கீழே திருப்புங்கள். முன்கைத் தோல் மொத்தமாகச் சுழல்வதைப் பார்க்கலாம். குத்தும் முன் படத்தைத் தோலில் பதிக்க அச்சுத்தாள் ஒட்டுவார்கள். மேசையில் கையை நீட்டி வைத்து நேர்கோடாகப் பதித்த அச்சு, எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டால் சாய்ந்து போயிருக்கும். அதனால் அச்சுத்தாளை ஒட்டும்போது கண்ணாடி முன் இயல்பாக நின்று பாருங்கள். சரியாக இல்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லத் தயங்காதீர்கள். ஊசி தொடும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

தோலைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். சின்ன வயதில் இடது மேல்கையில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்போ, காது குத்திய இடமோ தடித்துப் புடைத்து வளர்ந்திருந்தால் உங்களுடையது கீலாய்டு வரும் தோலாக இருக்கலாம். தோளும் மேல்கையும் அதற்கு எளிதில் இடம் கொடுக்கும் பகுதிகள். தோல் மருத்துவரைப் பார்க்காமல் அங்கே ஊசி படக் கூடாது. சர்க்கரை கட்டுப்படாதவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. கர்ப்பிணிகள் தள்ளிப்போடுவது நல்லது. ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பு மையில்.

பச்சை குத்தும் நல்ல கைகாரரை எப்படி அறிவது? பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பால் ஓடுவது பட்டையில். கத்தி பட்டையைத் தாண்டித் தடியைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அங்கே புதுப்பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். மேலோட்டமாகச் சீவினால் சிரட்டையில் பால் விழாது. பச்சை குத்துவதும் அதே ஆழக்கணக்குதான். மேல்தோல் மாதத்துக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகிவிடும், அங்கே நிற்கும் மை நிலைக்காது. அதற்குக் கீழே உள்ள அடித்தோலில், ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மை இறங்க வேண்டும். அதையும் தாண்டினால் கோட்டைச் சுற்றி மை கசிந்து நீலமாகப் பரவும், தழும்பும் விழும். ஆகவே கடையில் புதிதாகக் குத்திய படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். அவர் இரண்டு மூன்று ஆண்டு முன்பு குத்திய கை ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். கோடு கோடாகவே நிற்கிறதா என்று பாருங்கள்.

இடம் முடிவானால் படம் எளிது. காலம் போகப் போகத் தோலுக்குள் கோடு தடிக்கும். இன்று நூலளவு இடைவெளியில் அழகாகத் தெரிவது பத்து ஆண்டில் ஒட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்துக்குச் சுழியும் வளைவும் அதிகம். மணிக்கட்டில் பொடியாக எழுதினால் சுழி அடைந்துபோகும், புள்ளி எழுத்தோடு ஒட்டும். பெயர் என்றால் எழுத்தைப் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதுங்கள். ரகர றகரம், லகர ளகர ழகரம் சரிதானா என்று தமிழ் தெரிந்த இருவரிடம் காட்டுங்கள். மாநிறத் தோலில் வெளிர் நிறங்கள் எடுபடாது. கறுப்புதான் நிற்கும். என்றாவது லேசரில் அழிக்க வேண்டி வந்தாலும் கறுப்பே ஓரளவு எளிதாகப் போகும். அதற்கும் பல தவணை வேண்டும், செலவு உண்டு, நம் தோலில் வெள்ளைத் திட்டோ கருந்திட்டோ விழும் அபாயமும் உண்டு. அந்த மாணவிக்கு என் யோசனை: இடது மேல்கையின் வெளிப்பக்கம், பி.சி.ஜி. தழும்பை விட்டுத் தள்ளி, அம்மாவின் பெயர் மட்டும், கறுப்பில். படம் வேண்டும் என்று பிறகு தோன்றினால் சேர்த்துக்கொள்ளலாம். குத்தியதை அவ்வளவு எளிதில் குறைக்க முடியாது.

அதற்கு முன் ஒரு ஒத்திகை. வீட்டில் அரைத்த மருதாணியால் அதே பெயரை, அதே இடத்தில், அதே அளவில் எழுதிக்கொள்ளுங்கள். அது மங்கும் வரை அதோடு கல்லூரிக்குப் போங்கள், கல்யாண வீட்டுக்குப் போங்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை இடத்தை மாற்றுங்கள். கடையில் உடனே கறுக்கும் என்று விற்கும் கறுப்பு மெஹந்தி மட்டும் வேண்டாம். அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனம் தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

குத்தும் நாளில் ஊசி உறையை உங்கள் கண் முன்னே பிரிக்க வேண்டும். மையைப் புதிய சின்னக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசி வழி வரக்கூடியவை. திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியை வரிசையாகப் பத்துப் பேருக்குக் குத்தும் இடத்தில் கையை நீட்டவே நீட்டாதீர்கள். குத்திய பின் ஓராண்டு ரத்த தானம் செய்ய முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்தோல் ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை திற்பரப்பு அருவியிலும் ஆற்றிலும் குளத்திலும் கை நனையக் கூடாது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் ஊர் நம்முடையது. வெயிலும் வியர்வையும் குறைந்த நாளாக, மழை ஓய்ந்த காலமாகப் பார்த்துக் குத்திக்கொள்ளுங்கள். தோட்ட வேலை செய்கிறவர்கள் புண் ஆறும் வரை ரப்பர் பாலும், அதை ஷீட்டாக உறைய வைக்க ஊற்றும் ஆசிடும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது. 1970-களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினர் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். மனமுவந்து குத்திக்கொண்டவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், கட்சிக்குள்ளேயே அதை மறுத்தவர்களும் இருந்தார்கள். இன்று காதலின் பெயரால், நண்பர் கூட்டத்தின் பெயரால், ரசிகர் மன்றத்தின் பெயரால் அந்த நெருக்கடி வருகிறது. நம் உடலைப் பற்றிய முடிவு நம்முடையது என்பதற்கு நாம் வாழும் மண்ணில் ஒரு பெரிய வரலாறு உண்டு. 1822-இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் மூண்ட தோள்சீலைப் போராட்டம், 1859-இல் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிடும் வரை ஓயவில்லை. தோளை மூடும் துணியைத் தாமே முடிவு செய்வதற்காக நம் மூதாதைப் பெண்கள் அடிபட்டார்கள், மானபங்கப்பட்டார்கள், பின்வாங்கவில்லை. அந்தப் பெண்களின் பேத்திகள் தங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பிறர் சொல்லி முடிவு செய்யக் கூடாது. குத்திக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவதும் தவறு, வயது வந்த பிள்ளையை அடித்து மிரட்டித் தடுப்பதும் தவறு. பதினெட்டு வயது ஆகட்டும், யோசிக்க அவகாசம் இருக்கட்டும், முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பச்சை குத்திய பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அந்தக் கையைப் படம் எடுத்து அனுப்புங்கள். யார் வந்து குத்தினார்கள், எந்த வயதில், என்ன கூலி கொடுத்தார்கள், அந்தக் கோலத்துக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய வடிவங்கள் ஒவ்வொருவரோடும் போய்க்கொண்டிருக்கின்றன. வருபவற்றைத் தொகுத்து நம் இதழில் வெளியிடுவோம். செல்போனில் படம் தேடும் நம் பிள்ளைகள் தேர்ந்தெடுக்க, நம் ஊர்க் கோலங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்