உரிமைகோரலை எழுதும் கை யாருடையது?



பொறியியல் முடித்த தோழர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: அடுத்து என்ன? ஐ.டி. கம்பெனி, பேங்க் தேர்வு, குரூப் தேர்வு, அல்லது சட்டப் படிப்பு என்று நாமும் பட்டியல் சொல்கிறோம். அந்தப் பட்டியலில் எப்போதும் விடுபட்டுப் போகும் ஒரு தொழில் உண்டு. தொழில்நுட்பக் காப்புரிமைக்காக வாதாடும் தொழில். நம் நாட்டில் பேடன்ட் ஏஜென்ட் என்பார்கள். நம் பிள்ளைகள் இதற்குள் போக வேண்டும் என்பதே நமது கருத்து. சம்பளம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு இருக்கிறது.

இந்த வேலை என்ன? கண்டுபிடித்தவர் தன் கருவியையோ வழிமுறையையோ கொண்டு வருகிறார். ஏஜென்ட் அவரிடம் துருவித் துருவிக் கேட்கிறார். அது ஏற்கெனவே உலகில் எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறார். பிறகு விவரக்குறிப்பு எழுதுகிறார். அதன் உயிர், கடைசியில் வரும் 'உரிமைகோரல்' வாக்கியங்களில் இருக்கிறது. ஒரு கருவி மூன்று பாகங்களை 'உள்ளடக்கியது' என்று எழுதினால், நாலாவதாக ஒரு பாகம் சேர்த்துச் செய்பவரும் அந்த வேலிக்குள் வருவார். மூன்று பாகங்களால் 'மட்டுமே ஆனது' என்று எழுதினால் அவர் தப்பித்துவிடுவார். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு எது யாருக்குச் சொந்தம் என்பது ஒரு சொல்லில் முடிவாகிறது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போலத்தான். 1892இல் அரசு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் எத்தனை எத்தனை பத்திரங்கள் வழியாகக் கைமாறின என்று அறிந்தவர்கள் நாம். எழுதுகிற கை யாருடையது என்ற கேள்வியின் கனம் நமக்குத் தெரியும்.

அமெரிக்கக் கறுப்பினத் தோழர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை, பருத்தி வயலுக்கான ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். அவருடைய எஜமானன் அதற்குக் காப்புரிமை கேட்டான். 1858இல் அந்நாட்டின் அட்டர்னி ஜெனரல் கருத்துச் சொன்னார்: அடிமையின் கண்டுபிடிப்புக்கு அடிமையும் காப்புரிமை பெற முடியாது, எஜமானனும் பெற முடியாது. அடிமை குடிமகன் இல்லை. எஜமானன் கண்டுபிடித்தவன் இல்லை. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்கள் 1861இல் தங்கள் காப்புரிமைச் சட்டத்தில் அந்த ஓட்டையை அடைத்தன. அடிமை கண்டுபிடித்தால் எஜமானன் காப்புரிமை வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தன.

அதே நாட்டில்தான், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெற்றோருக்கு 1848இல் லூயிஸ் லாட்டிமர் பிறந்தார். ஒரு காப்புரிமை வழக்கறிஞர் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, வரைபடம் போடுபவர்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். கிரகாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்கு வரைபடம் தயாரித்தார். பின்னர் எடிசனின் நிறுவனத்தில் காப்புரிமை வழக்குகளுக்கான நிபுணர் சாட்சியாக நின்றார். மின்விளக்கின் கரி இழையைத் தயாரிக்கும் முறைக்கு 1882இல் தன் பெயரிலேயே காப்புரிமை பெற்றார். எடுபிடி வேலைக்காக அந்த அறைக்குள் அனுமதிக்கப்பட்டவர், அந்த அறையின் மொழியைக் கைப்பற்றினார்.

இங்கே கதவு எப்படி இருக்கிறது? 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவைப் படியுங்கள். இந்தியக் குடிமகனாக, 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் ஏதாவது ஒன்றில் பட்டம் வேண்டும். தகுதித் தேர்வில் தேற வேண்டும். இரண்டு எழுத்துத் தாள்கள், ஒரு நேர்முகம். ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடு, மொத்தத்தில் 60 விழுக்காடு. சட்டப் பட்டம் கட்டாயமில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி கையில் ஏற்கெனவே இருக்கும் பி.இ., பி.எஸ்சி. சான்றிதழே நுழைவுச்சீட்டு. இன்னொரு வழியும் உண்டு. காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர் பணி மத்திய அரசுப் பணி. அதில் பட்டியலினத்தவருக்கு இடஒதுக்கீடு உண்டு. அங்கே 10 ஆண்டுகள் பணியாற்றியவர் தேர்வு எழுதாமலேயே ஏஜென்ட் ஆகலாம்.

காகிதத்தில் திறந்திருக்கும் கதவு நடைமுறையில் ஒருக்களித்துத்தான் இருக்கிறது. தகுதித் தேர்வு ஆண்டுதோறும் நடப்பதில்லை. காத்திருக்க வசதி உள்ளவர் காத்திருக்கிறார், கடன் வாங்கிப் படித்தவர் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார். ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது விதி, தமிழுக்கு இடமில்லை. இந்தத் தொழிலைப் பழகுவதோ தனியார் அலுவலகங்களில். அங்கே இடஒதுக்கீடு கிடையாது. சொந்தக்காரர், சீனியர், கிளப் நண்பர் என்று தெரிந்தவர் வழியாக உள்ளே போகிறவர்களே அதிகம். இதற்குச் சாதி என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள். 'நெட்வொர்க்' என்பார்கள்.

நாம் உள்ளே இல்லாததால் என்ன நட்டம்? பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய இயந்திரங்கள் வருகின்றன. வரவேண்டும், இன்னும் வேகமாக வரவேண்டும். எந்தக் குழியில் எப்படி அடைப்பு விழும், எங்கே வாயு தேங்கும் என்பதை உயிரைப் பணயம் வைத்துக் கற்றவர் துப்புரவுத் தொழிலாளி. அவர் சொன்ன யோசனை இயந்திரத்தின் மையமாக அமைந்தால், 'உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்' வரிசையில் அவர் பெயரும் வர வேண்டும். கண்டுபிடித்தவரின் பெயரைக் காப்புரிமையில் குறிப்பிடச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால், 'இந்த யோசனை முதலில் யாருடையது?' என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்க வேண்டுமே! அந்தத் தெருவிலிருந்து வந்த ஏஜென்ட் கேட்பார்.

சில தோழர்கள் எதிர்வாதம் வைப்பார்கள்: அறிவைத் தனிச்சொத்தாக்கும் முறைக்கு நாம் ஏன் ஆள் அனுப்ப வேண்டும்? நியாயமான கேள்வி. விடை சட்டத்தின் 25(1) பிரிவில் இருக்கிறது. காப்புரிமை வழங்கப்படும் முன்பே யார் வேண்டுமானாலும் அதை எதிர்க்கலாம். காசநோய் மருந்தான பெடாகுவிலின் மீது ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட கூடுதல் காப்புரிமையை, 2019இல் இரண்டு பெண்கள் எதிர்த்தார்கள். மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்துகளின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காசநோய் யாருடைய குடிசைகளைத் தேடி வரும் என்று நமக்குத் தெரியும். அந்த எதிர்ப்பு மனுவை எழுதவும் உரிமைகோரலைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வேலி போடவும் வேலியைப் பிடுங்கவும் ஒரே திறமைதான் தேவை. 2024 விதித் திருத்தம் இந்த எதிர்ப்புக்குக் கட்டணமும் முதல்கட்டச் சோதனையும் கொண்டுவந்துவிட்டது. பேசாமலிருந்தால் இந்த வாசலும் குறுகிக்கொண்டே போகும்.

எனவே நமது கோரிக்கைகள்: தகுதித் தேர்வை ஆண்டுதோறும், முன்கூட்டியே தேதி அறிவித்து நடத்த வேண்டும். தாட்கோவும் ஆதிதிராவிடர் நலத்துறையும் இத்தேர்வுக்கு உதவித்தொகையுடன் பயிற்சி தர வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலும் ஏற்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தோழர்களே. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் விவரக்குறிப்புகளை இலவசமாகப் படிக்கலாம். உங்கள் பாடத்துக்கு நெருக்கமான ஒன்றை வாரம் ஒன்றாக எடுங்கள். உரிமைகோரலை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். சட்டத்தின் 3ஆம் பிரிவை, எது கண்டுபிடிப்பாகாது என்ற பட்டியலை, மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கணினி படித்தவர்கள் 3(k)யில் தொடங்குங்கள். வெறும் நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்ற அந்த ஒரு வரியின் மீதுதான் இன்று பெரும் சண்டை நடக்கிறது. விடுதியில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு படிப்பு வட்டம். கற்பி, ஒன்றுசேர் என்பதை இந்த மேசையிலும் தொடங்குவோம்.