செக்குக்கும் ஆலைக்கும் ஒரே சட்டமா?

ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலை ஐப்பசி, கார்த்திகையில் களம் வந்து சேரும். விற்றது போக வீட்டுக்கென ஒதுக்கிய கடலையை உடைத்து, காய வைத்து, ஊர்ச் செக்குக்கு எடுத்துச் செல்வது உழவர் வழக்கம். இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். பிண்ணாக்கு கறவை மாட்டுக்கு ஆகும். கூலிக்கு ஆட்டுவதுடன், தாமே கடலையும் எள்ளும் வாங்கி ஆட்டி, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் தூக்கில் அளந்து ஊற்றுவதும் செக்குக்காரரின் பிழைப்பு. இந்தச் சில்லறை விற்பனைதான் சட்டப்படி குற்றமாகிவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. 1998-ல் டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெயைக் கலந்து விற்றனர். அதை உண்டவர்கள் உடல் வீங்கி நோயுற்றனர். 60 பேருக்கு மேல் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில், சமையல் எண்ணெயை அடைத்து, விவரச்சீட்டு ஒட்டியே விற்க வேண்டும் என மத்திய அரசு ஆணையிட்டது. 2011-ல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இத்தடை இடம்பெற்றது.

கலப்படக்காரர் தண்டனை பெற வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் எண்ணெய் பல கை மாறும் இடத்தில்தான் கலப்படத்துக்கு வாய்ப்பு அதிகம். ஊர்ச் செக்கில் கடலை கொட்டுவதும் எண்ணெய் வடிவதும் வாங்குபவர் கண்ணெதிரே நடக்கின்றன. அவருக்குப் புட்டி எதற்கு? புட்டியில் அடைத்தால் பதிவு, விவரச்சீட்டு, சோதனை என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு மாதிரியைச் சோதிக்கப் பெரிய ஆலைக்கும் அதே கட்டணம், செக்குக்கும் அதே கட்டணம். ஆயிரக்கணக்கான லிட்டருக்குப் பங்கிட்டால் சில காசுகளில் முடியும் செலவு, நாளைக்கு 20 லிட்டர் எடுப்பவரின் கூலியையே விழுங்கிவிடும்.

அதற்காகச் செக்கெண்ணெய் எல்லாம் பழுதற்றது என்று சொல்லிவிட முடியாது. சரியாகக் காயாத கடலையில் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. சுத்திகரிக்காத எண்ணெயில் அது தங்கும்; கண்ணுக்குத் தெரியாது. புட்டியில் அடைத்தாலும் அது போகாது. ஆகவே செக்குக்குத் தேவை சோதனையே தவிர, புட்டி அன்று.

பொதுநலன் கருதி, குறிப்பிட்ட காலத்துக்குச் சில்லறை விற்பனைத் தடையிலிருந்து விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அவ்விதிகளே இடம் தந்துள்ளன. ஆட்டிய இடத்திலேயே நேரடியாக உபயோகிப்போருக்கு விற்கும் செக்குகளுக்கு மட்டும் இவ்விலக்கை அளிக்கலாம். சென்னை, சேலம், கோவை, தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. அறுவடைக் காலத்தில் அதிகாரிகளே செக்குகளுக்கு வந்து மாதிரி எடுத்து, இக்கூடங்களில் இலவசமாகச் சோதித்துத் தரலாம். தவறு கண்டால் தயங்காமல் நடவடிக்கை எடுக்கட்டும்.

செக்குக்காரர்களுக்கும் கடமை உண்டு. பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பை நீக்க வேண்டும். பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மீண்டும் காய வைக்கச் சொல்ல வேண்டும். செக்கையும் பாத்திரங்களையும் நாள்தோறும் துடைத்து வைப்பது அவசியம்.

ஊரில் செக்கு நின்றுவிட்டால், உழவர் தம் கடலையை முழுவதும் வியாபாரியிடம் போட்டுவிட்டு, எண்ணெயைக் கடையில் வாங்க நேரிடும். பிண்ணாக்கையும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். அந்த நிலை வருமுன் அரசு ஆவன செய்ய வேண்டும்.