கூம்புக் கூரையின் கீழே



காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தத் தானியத்துக்காகவே எழுந்த ஒரு கட்டடத்தை இம்முறை பார்த்துவிட்டு வருவோமா?

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்குக் கிழக்கே ஈஸ்ட் லிண்டன் என்றொரு சிற்றூர். அங்கே டைன் ஆற்றங்கரையில் நிற்கிறது பிரஸ்டன் ஆலை. 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கற்சுவர், சிவப்பு ஓடு. ஒரு பக்கம் கூம்பு வடிவக் கூரை. அதன் உச்சியில் நீட்டிய கை போல ஒரு மரச்சட்டம். ஏதோ கதைப்புத்தகத்து வீடு என்றே தோன்றும்! ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

ஈரமும் குளிரும் நிறைந்த நாடு அது. அறுத்த ஓட்ஸை நன்றாக உலர்த்தாமல் அரைக்க முடியாது. ஆகவே, கூம்புக் கூரையின் கீழ் ஒரு சூளை. அடியில் நெருப்பு, மேலே துளைகள் உள்ள தளத்தில் தானியம். சூடு தானியத்தின் ஊடே ஏறி, உச்சி வழியே வெளியேறும். காற்று திசை மாறினால், அந்த நீண்ட கை உச்சி மூடியையும் திருப்பிவிடும். புகை உள்ளே திரும்பாது. உலர்ந்த தானியத்தை, வாய்க்கால் நீரில் சுழலும் சக்கரத்தால் ஓடும் கற்கள் உமி நீக்கி அரைக்கும்.

பக்கத்திலேயே, நடந்துபோகும் தூரத்தில், ஃபன்டாசி பண்ணை. 1761இல் அந்தப் பண்ணைவீட்டில் பிறந்தவர் ஜான் ரென்னி. அருகில் ஆலை எந்திரங்கள் செய்துவந்த ஆண்ட்ரூ மெய்க்கல் என்பவரின் பட்டறையே அந்தச் சிறுவனுக்குப் பள்ளிக்கூடம். கதிரடிக்கும் எந்திரத்தை 1780களில் உருவாக்கிய அதே மெய்க்கல்தான்! அவரிடம் தொழில் பழகிய பையன் பின்னாளில் லண்டனில் தேம்ஸ் நதியின்மேல், 1817இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தைக் கட்டினார். அவர் வகுத்த திட்டப்படி எழுந்த லண்டன் பாலம், அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1831இல் திறக்கப்பட்டது.

பிரஸ்டன் ஆலை 1959 வரை தொழில் செய்தது. 1950இலேயே ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்ததால், இன்றும் சக்கரத்தோடு நிற்கிறது.

அரண்மனைகளைக் காக்க ஆள் இருக்கிறார்கள். உழைத்து ஓய்ந்த கட்டடங்களைத்தான் 'பழசு' என்று முதலில் இடித்துத் தள்ளுகிறோம். பழைய ஆலையோ பட்டறையோ கண்ணில் பட்டால், பிள்ளைகளோடு சற்று நில்லுங்கள். "இதற்கு ஏன் இந்த வடிவம்?" என்று அவர்களைக் கேளுங்கள். பதிலை அவர்களே தேடட்டும்.