உமிச்சாம்பலை வாய்க்காலில் கொட்டாதே!

கடற்கரைக் குப்பங்களில் ஏழைகளுக்கென்று கட்டிய காங்கிரீட் வீடுகளைப் பாருங்கள். கூரைக் காரை பெயர்ந்து விழுகிறது. துருவேறிய கம்பி விலா எலும்பாய்த் துருத்தி நிற்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நாகைக் கடற்கரையில் எழுந்த வீடுகளிலும் இதே அவலத்தைக் கண்டோம். “உப்புக் காற்று, என்ன செய்வது?” என்று கையை விரிக்கிறார்கள் அதிகாரிகள்.

வழி இருக்கிறது! அரிசி ஆலைகளின் கொல்லையிலே அது குவிந்து கிடக்கிறது.

100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 20 கிலோ உமி. அதை எரித்தால் 4 கிலோ சாம்பல். சாம்பலில் நூற்றுக்கு 85 பங்குக்குக் குறையாமல் சிலிக்கா. சிமெண்டு இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்பை இந்தச் சிலிக்கா பிடித்துக் கெட்டிப் பசையாக்குகிறது. நுண்துளைகள் அடைபடுகின்றன. உப்பு எளிதில் கம்பியை எட்டுவதில்லை.

இது நமது கற்பனையல்ல. அமெரிக்காவில் பேராசிரியர் பி.கே. மேத்தா 1970-களிலேயே இதை ஆராய்ந்து காட்டினார். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டில் உமிச்சாம்பலுக்கு இடம் தந்தது. பொறுப்பதிகாரியின் சம்மதம் வேண்டும் என்றது. ஏழையின் வீட்டுக்காக அந்தச் சம்மதத்தைக் கையெழுத்திட்ட அதிகாரிகள் எத்தனை பேர்?

“சாம்பல் சேர்ப்பது கலப்படம்” என்கிறார்கள் சில காண்டிராக்டர்கள். மணலைக் கூட்டி, சிமெண்டைக் குறைத்து, முழுப் பில் வாங்குகிறவர்கள் கலப்படத்தைப் பற்றிப் பேசுவதா?

எந்தச் சாம்பலும் உதவும் என்று நாம் சொல்லவில்லை. சூடு 700 டிகிரியைத் தாண்டாமல், நன்றாகக் காற்றுப்பட எரிக்க வேண்டும். சூடு மிஞ்சினால் சிலிக்கா படிகமாகி வீரியம் இழக்கும்; அந்தத் தூசி தொழிலாளியின் நுரையீரலையும் அரிக்கும். அரைகுறையாய் எரிந்த கரிச்சாம்பலும் ஆகாது. மாவாக அரைத்து, சோதித்து, சிமெண்டில் 10 முதல் 20 சதவீதத்துக்கு ஈடாகச் சேர்க்க வேண்டும். இதற்கு உலையும் அரவை இயந்திரமும் சோதனைச் சாலையும் தேவை. அதைச் செய்யத்தானே சர்க்கார்?

இன்றோ சாம்பல் சாலையோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டப்படுகிறது. வழிப்போக்கர் கண்ணில் விழுகிறது. பாசன நீரில் கலக்கிறது. லாபம் ஆலை முதலாளிக்கு, சாம்பல் மக்களுக்கு!

நாம் கோருவது இதுதான்: நெல் விளையும் மாவட்டங்களில் கூட்டுறவுச் சாம்பல் ஆலைகள் அமைத்திடு! மூடிய அரவை இயந்திரமும் முகக்கவசமும் தொழிலாளருக்குக் கொடு! கடலோர வீடுகளுக்குச் சோதித்த உமிச்சாம்பல் காங்கிரீட்டைக் கட்டாயமாக்கு!

சேற்றில் இறங்கி நெல் விளைத்தவன் விவசாயத் தொழிலாளி. அந்த நெல்லின் உமி உழைப்பாளியின் கூரையைக் காக்கட்டும்!